பாறைக்குச் சளி பிடித்தது

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. சத்தியமாக இருக்கிறது. ஆனால் சிரிக்கவேண்டிய ஆள் இன்னும் மலையேறி வந்து சேரவில்லை. அவர் வரட்டும், மூச்சு வாங்கட்டும், நன்றாக ஏமாறட்டும், அப்புறம் சிரிக்கட்டும். நாம் முந்திக்கொண்டால் மரியாதையாக இருக்காது.

ஒலிம்பியாவில் ஓட்டம், மல்யுத்தம், தேர் எல்லாவற்றுக்கும் முன்னால் குரலுக்கு ஒரு போட்டி நடக்கும். மைதான வாசலில் ஒரு பலிபீடம் உண்டு. அதில் பலி எதுவும் கிடையாது, ஏறி நின்று கூப்பிடத்தான். பெயர், தகப்பன் பெயர், ஊர். யார் குரல் கடைசி வரிசைவரை உடையாமல் போகிறதோ அவருக்கு ஒலிவ இலை முடி. அந்த விழா முடிகிறவரை அவர்தான் கட்டியக்காரர். ஜெயிக்கிற ஒவ்வொருவனின் பெயரையும் கூட்டத்துக்குச் சொல்கிறவர்.

லம்பிஸ் ஒரு காலத்தில் அந்த முடியைச் சூடியவன். காலம் என்றால் போன விழாதான். அவனுக்கே வயது இருபதைத் தாண்டிச் சில வருடம். எந்தக் குரலையும் ஒரு தடவை கேட்டால் போதும், அடுத்த மூச்சில் அது அவன் வாயிலிருந்து வரும். கோழி விற்கிற அம்மா, கொட்டாவி விடுகிற பூசாரி, நொண்டிக் கழுதை, எதுவானாலும் சரி. அந்த வாய்தான் அவனைக் கெடுத்தது. குத்துச்சண்டை தொடங்குகிற நேரம் பார்த்து, தலைமை நடுவரின் குரலில், அவருடைய இருமலையும் சேர்த்து, சண்டை நாளைக்கு, இன்று எல்லோரும் போய்ச் சாப்பிடுங்கள் என்று அறிவித்துவிட்டான். பாதிக் கூட்டம் எழுந்து போயே போய்விட்டது. மீதிப் பாதிக்கு முன்னால் நடுவர்கள் அவன் இலைமுடியைப் பிடுங்கி, பிரம்பால் விளாசி, இனி அந்தப் பலிபீடத்தில் அவன் கால் படக்கூடாது என்றார்கள்.

அதன்பிறகு மலையிடுக்கு ஒன்றின் வாயில், ஆட்டுக்காரர்கள் கைவிட்ட கல்வீட்டில் அவன் இருந்தான். குரல் பழக்குவதாகச் சொல்லிக்கொண்டான். நடுவர்களுக்கு ஆகாதவனிடம் பழக யார் வருவார்கள்? சில நாட்களில் அவன் கோழிக்காரியாகவும் பூசாரியாகவும் மாறி மாறிப் பேசி, இரண்டு பேருக்கும் சண்டை மூட்டி, தானே சமாதானமும் செய்துவைப்பான் என்று அந்த வழியாகப் போகிறவர்கள் சொன்னார்கள்.

வந்தவர் ஒரே ஒருவர். பெயர் மிக்கியோன். தாடியில் பாதி நரை. ஆசானைவிட இரண்டு மடங்கு வயது. அலிக்கே என்ற கடற்கரை ஊர். கப்பலில் துடுப்புப் போடுகிறவர்களுக்குத் தாளம் சொல்வது அவர் வேலையாக இருந்தது. அவர் "ஓ-ஓப்" என்றால் எல்லாத் துடுப்பும் ஒன்றாக இறங்கும்.

கூப்பிட்டுக் காட்டச் சொன்னான் லம்பிஸ்.

மிக்கியோன் கூப்பிட்டார். கூரையிலிருந்த புறாக்கள் கிளம்பிப் போய்விட்டன. அப்படி ஒரு குரல். ஆனால் பெயரும் தகப்பனும் ஊரும் ஒன்றின் முதுகில் ஒன்று ஏறி விழுந்தன. ஒரு பெயர் முடியுமுன் அடுத்த பெயர், அது முடியுமுன் இன்னொன்று.

"பெரியவரே, உங்களை யார் துரத்துகிறார்கள்?" என்றான் லம்பிஸ்.

மிக்கியோன் கீழே உட்கார்ந்துகொண்டு சொன்னார். மூடுபனியில் கப்பல் பாறையில் மோதி உடைந்தது. கையில் கிடைத்த துடுப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மிதந்தார். எதுவும் தெரியவில்லை, வெள்ளையாக இருந்தது. முன்வரிசையில் துடுப்புப் போட்டவன் அவருடைய தம்பி தெல்லிஸ். அவனை முதலில் கூப்பிட்டார். கூப்பிட்டுவிட்டுக் காத்திருந்தார். பதில் வரவில்லை. அதற்குப் பிறகு அவர் எந்தப் பெயருக்கும் காத்திருக்கவில்லை. ஒன்றன்பின் ஒன்றாகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். மீனவர்கள் அவரைப் படகில் இழுத்துப் போட்டபோதும் வாய் ஓயவில்லையாம்.

அவர்கள் ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. கடலில் போனவன் பெயரைச் சொந்தக்காரன் ஒருவன் சத்தமாகக் கூப்பிட்டு, கூப்பிட்டபின் அசையாமல் நிற்கவேண்டும். அப்போதுதான் போனவன் வீட்டுக்கு வழி கண்டுபிடிப்பான். மற்றவர்களின் வீட்டார் எல்லோரும் கூப்பிட்டாயிற்று. தெல்லிஸுக்கு இருப்பது மிக்கியோன் மட்டும்தான்.

"கூப்பிட்டு முடித்ததும் ஒன்றுமில்லாமல் கொஞ்ச நேரம் இருக்கிறது பாருங்கள் ஆசானே, அதில் என்னால் நிற்க முடியவில்லை. பிடித்துக்கொள்ள அடுத்த பெயர் வேண்டியிருக்கிறது. உங்கள் தொழிலில் நிற்பதுதான் பாதி வேலை என்கிறார்கள். அத்தனை பேருக்கு முன்னால் நிற்க முடிந்தால் அவனுக்கும் நின்றுவிடுவேன்."

பிறகு ஒன்று கேட்டார்.

"கூப்பிட்ட பெயருக்குப் பதிலே வராவிட்டால் கட்டியக்காரன் என்ன செய்வான்?"

லம்பிஸ் காதைச் சொறிந்தான்.

மறுநாள் காலையில் அவரை வெளியே கூட்டிவந்து மலையிடுக்கைக் காட்டினான். உள்ளே கொஞ்ச தூரத்தில் சாம்பல் நிறப் பாறை ஒன்று சுவர் மாதிரி நின்றது. அதன் முன்னால் நின்று கூப்பிடும்படி சொன்னான். அது கண்டிப்பான பாறை, ஒழுங்காகக் கூப்பிட்டால் திருப்பிச் சொல்லும், உளறினால் வாயைத் திறக்காது என்றான்.

"நீங்கள் வரவில்லையா?"

"அங்கே ஆட்டு நாற்றம். நான் தூங்கப் போகிறேன்."

மிக்கியோன் தனியாகப் போனார். பாறைக்கு முன்னால் நின்றார். ஒரு புல் அசையவில்லை. தெரிந்த பெயர்கள் எல்லாம் கப்பலில் இருந்தவர்களின் பெயர்கள்தான். ஒரே மூச்சில் நாலைந்தைக் கொட்டினார்.

பாறை பேசவில்லை.

மறுபடி கொட்டினார். பாறை பேசவில்லை. வியர்த்தது. ஓடிவிடலாமா என்று திரும்பிப் பார்த்தார். பிறகு, பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாதவர் காலை எடுத்து வைப்பதுபோல, ஒரே ஒரு பெயரைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

"பிர்ரியாஸ்."

"பிர்ரியாஸ்" என்றது பாறை. அவர் குரலிலேயே, அவர் ஊர் இழுப்போடு.

மிக்கியோன் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து மோலோன் மகன் என்றார். பாறையும் மோலோன் மகன் என்றது. அலிக்கே ஊரான் என்றார். அதையும் ஒத்துக்கொண்டது.

உங்களுக்குப் புரிந்திருக்கும். பாறைக்கு மேலே புதருக்குப் பின்னால் ஒரு திட்டு இருந்தது. தூங்கப் போகிறேன் என்றவன் ஆட்டுப் பாதையில் சுற்றி ஏறி அதில் குப்புறப் படுத்திருந்தான். தெளிவாகக் காதில் விழுந்ததை மட்டும் திருப்பிச் சொன்னான். தயவுசெய்து மிக்கியோனிடம் சொல்லிவிடாதீர்கள். சிரிப்பு இன்னும் வரவில்லை.

அன்றிலிருந்து தினமும் அவர் பாறையிடம் போனார். திரும்பி வரும்போது ஆசான் பாயில் புரண்டு படுத்து, இப்போதுதான் விழித்தவனைப் போலக் கண்ணைக் கசக்குவான். முழங்காலில் சிராய்ப்பு எப்படி வந்தது என்று கேட்டால் பாயிலிருந்து விழுந்துவிட்டேன் என்பான்.

ஒருநாள் மிக்கியோன் கவலையோடு வந்தார்.

"ஆசானே, பாறை நகர்கிறது."

"அப்படியா?"

"நான் கடல்காரன். பனியில் குரல் கொடுத்து, அது திரும்பி வருகிற நேரத்தை வைத்துக் கரை எவ்வளவு தூரம் என்று சொல்வேன். தப்பியதில்லை. இந்தப் பாறை கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் போகிறது. பார்த்தால் அங்கேயேதான் இருக்கிறது. கேட்டால் தள்ளிப் போயிருக்கிறது."

லம்பிஸ் முகத்தை மாற்றாமல் யோசித்தான். "உங்கள் குரலுக்குப் பயந்திருக்கும்" என்றான்.

அவன் தினமும் ஒரு புதர் பின்வாங்கிக்கொண்டிருந்தான். பதில் வர நேரமாயிற்று. மிக்கியோன் இன்னும் தெளிவாகக் கூப்பிட்டார், இன்னும் கொஞ்சம் நேரம் நின்றார். அந்த இடைவெளியில் முதலில் அவர் கை பிடித்துக்கொள்ள எதையோ தேடியது. பிறகு விரல்கள் மட்டும். பிறகு அவருக்கு அந்த நேரத்தில் வேறு சத்தங்கள் கேட்கத் தொடங்கின. எங்கேயோ தண்ணீர் சொட்டியது. ஒரு வண்டு போனது. பிறகு பெயர் வந்து சேர்ந்தது.

பேச அவருக்கு வேறு ஆள் இல்லை. ஆசானோ எப்போதும் தூங்குகிறவன். பழக்கம் முடிந்ததும் அவர் பாறையிடமே இரண்டு வார்த்தை பேசிவிட்டு வருவார். காலையில் ரொட்டி கருகிவிட்டது என்பார். பாறையும் காலையில் ரொட்டி கருகிவிட்டது என்று வருத்தப்படும். ஒருநாள் மனசு நிறைந்து, நீ நல்ல பாறை என்றார். "நீ நல்ல பாறை" என்று திரும்பி வந்தது. அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

மழைக்காலம் வந்தது. மிக்கியோன் ஆட்டுத்தோலைத் தலையில் போட்டுக்கொண்டு போனார். ஒருநாள் பிர்ரியாஸைக் கூப்பிட்டார். நெடுநேரம் கழித்து, மூக்கடைத்த குரலில், "பிர்ரியாஸ்" என்றது பாறை. சொல்லிவிட்டுத் தும்மியது.

மிக்கியோன் ஒருகணம் நின்றார். நான் தும்மினேனா என்று தன்னையே கேட்டுக்கொண்டார். தும்மியிருக்கவேண்டும். இல்லாவிட்டால் பாறை ஏன் தும்முகிறது?

வீட்டில் ஆசான் போர்வைக்குள் சுருண்டு கிடந்தான். மூக்கு சிவந்திருந்தது.

"பாறைக்குச் சளி பிடித்திருக்கிறது ஆசானே."

"மழையில் நனைந்தால் பிடிக்காதா" என்றான் லம்பிஸ், தும்மலை விழுங்கிக்கொண்டு. "நாளைக்கு நீங்கள் ஓய்வெடுங்கள். பாறையும் எடுக்கட்டும்."

மிக்கியோன் கஞ்சி காய்ச்சி அவனுக்குக் கொடுத்தார். ஒரு கிண்ணம் மிச்சமிருந்தது. அதைப் பாறைக்குக் கொண்டுபோய் ஊற்றிவிட்டு வரலாமா என்று நினைத்து, பைத்தியக்காரத்தனம் என்று தானே குடித்தார்.

நீங்கள் சிரிக்கலாம். அவர் இன்னும் சிரிக்கவில்லை.

எல்லாப் பெயரையும் கூப்பிட்டாகிவிட்டது, தம்பியின் பெயரைத் தவிர. மழை விட்ட ஒரு காலையில் முயன்று பார்த்தார். "தெ" என்று தொடங்கியவர் அதோடு நிறுத்திவிட்டார். அந்த ஒற்றை எழுத்தைப் பாறை திருப்பிச் சொல்லுமே, அதைக் கேட்கவேண்டுமே என்று கண்ணை மூடிக்கொண்டார். பாறை ஒன்றும் சொல்லவில்லை. கண்டிப்பான பாறைக்கும் இரக்கம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினார்.

கோடை வந்ததும் இரண்டு பேரும் ஒலிம்பியாவுக்கு நடந்தார்கள்.

குரல் போட்டிக்கு வந்தவர்கள் எல்லோரும் மார்பு அகன்றவர்கள். எந்தப் பெயரை வேண்டுமானாலும் கூப்பிடலாம் என்றார்கள் நடுவர்கள். ஒருவர் ராஜாவைக் கூப்பிட்டார். ஒருவர் மலை உடைகிறமாதிரி ஏதோ கடவுளைக் கூப்பிட்டார். கூட்டம் ஆரவாரம் செய்தது, அத்திப்பழம் தின்றது, பக்கத்தில் இருப்பவனோடு பேசியது.

மிக்கியோன் ஏறினார். தூரத்துச் சரிவில் கடைசி வரிசைக்கும் பின்னால் லம்பிஸ் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. மேலாடையைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டு, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தான். பாவம், எனக்காகப் பயப்படுகிறார் என்று நினைத்தார் மிக்கியோன்.

"பிர்ரியாஸ்" என்று கூப்பிட்டார்.

நின்றார்.

பாறை பதில் சொல்கிற நேரம் போயிற்று. பதில் வரவில்லை. இங்கே பாறை இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அடுத்த பெயர் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. ஆனால் உடம்புக்குப் பழக்கமாகியிருந்தது, அது நின்றது. எங்கேயோ ஒரு கழுதை காதை ஆட்டியது கேட்டது. அத்திப்பழம் தின்றவன் மெல்லுவதை நிறுத்தினான். பிறகு ஒரு தலை திரும்பியது, பக்கத்துத் தலை திரும்பியது, கூட்டம் முழுவதும் திரும்பித் திரும்பிப் பார்த்தது. பிர்ரியாஸ் என்கிறவன் எழுந்து வருவான் என்று வழிவிட்டு ஒதுங்கினார்கள்.

"மோலோன் மகன்" என்றார் மிக்கியோன். நின்றார். "அலிக்கே ஊரான்."

யாரும் எழுந்து வரவில்லை. கூட்டம் அதன்பிறகும் வெகுநேரம் வழிவிட்டபடியே இருந்தது.

அவருக்குத்தான் முடி. விழா முடிகிறவரை ஜெயித்தவர்களை எல்லாம் அவர் கூப்பிட்டார். ஒவ்வொருவனும் பெயர் கேட்டு எழுந்து வந்தான், கட்டிப்பிடிக்க யாராவது ஓடிவந்தார்கள். மாலையில் கூடாரங்களில் பாட்டும் கூத்துமாக இருக்கும்போது மிக்கியோன் ஆற்றங்கரையில் தனியாக உட்கார்ந்திருப்பார். தொண்டை நன்றாகத்தான் இருந்தது. அந்த ஒரு பெயர் மட்டும் அதிலிருந்து வரவில்லை.

திரும்பி வரும்போது, வீட்டுக்குப் போகுமுன் பாறையைப் பார்க்கவேண்டும் என்றார். முடியை அதன்மேல் வைக்கவேண்டும், ஜெயித்தது அதுதான் என்றார்.

லம்பிஸ் கொட்டாவி விட்டான். நீங்கள் போங்கள், எனக்குத் தூக்கம் வருகிறது என்றான். மிக்கியோன் விடவில்லை. அப்படியானால் முன்னால் போய் ஆடுகளை விரட்டுகிறேன் என்று ஆட்டுப் பாதைப் பக்கம் நழுவினான். மிக்கியோன் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். துடுப்புக்காரர்களோடு வாழ்ந்த கை, எளிதில் விடாது.

"இத்தனை நாளும் நீங்கள் அது பேசிக் கேட்டதே இல்லை. இன்றைக்குக் கேட்கவேண்டும்."

கையைப் பிடித்தபடியே பாறைக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். முடியைக் கல்லின்மேல் வைத்தார். இரண்டடி பின்னால் வந்து, தலை நிமிர்ந்து, கூப்பிட்டார்.

"பிர்ரியாஸ்."

பாறை பேசவில்லை.

சளி போய்விட்டதே என்று முணுமுணுத்தார். மறுபடி, இன்னும் தெளிவாகக் கூப்பிட்டார். தண்ணீர் சொட்டியது. ஒரு வண்டு போனது. பாறை கல்லாக நின்றது.

மிக்கியோன் பாறையைப் பார்த்தார். மெதுவாகத் திரும்பி ஆசானைப் பார்த்தார். லம்பிஸ் மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் காதுகள் சிவந்திருந்தன. மிக்கியோனின் கண் இறங்கி, அவன் முழங்காலில் காய்த்துப்போன சிராய்ப்புகளில் நின்றது.

"பாறைக்கு இன்றைக்கு என்ன?" என்றார்.

"இன்றைக்கு அதன் கையை ஒருவர் பிடித்துக்கொண்டிருக்கிறார்" என்றான் லம்பிஸ், அவர் குரலிலேயே, அவர் ஊர் இழுப்போடு.

மிக்கியோனின் வயிறு முதலில் குலுங்கியது. பிறகு தோள். பிறகு அந்தப் பெரிய குரல் மொத்தமும் சிரிப்பாக வெளியே வந்தது. கஞ்சி, என்றார். சளி, என்றார். நகர்கிறது என்று வேறு சொன்னேனே, என்றார். மூச்சு விட முடியாமல் பாறையில் சாய்ந்துகொண்டார். லம்பிஸும் சிரித்தான். இரண்டு பேரின் சிரிப்பும் பாறைவரை போயிற்று, திரும்பி வரவில்லை.

மிக்கியோன் கல்லைத் தட்டிப் பார்த்தார்.

"இதற்கு எதிரொலியே கிடையாதா?"

"கிடையாது. இங்கே வந்த முதல் நாளே கத்திப் பார்த்துவிட்டேன்."

மிக்கியோன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒவ்வொரு பெயரையும் நீங்கள் கேட்டீர்களா என்றார். எல்லாம் மனப்பாடம் என்றான் லம்பிஸ். கூடாரத்தில் தூக்கத்தில்கூடச் சொல்லியிருப்பேன் என்றான். ஒலிம்பியாவில் வாயில் துணியைத் திணித்துக்கொண்டது அதற்காகத்தான். இல்லாவிட்டால் பழக்கதோஷத்தில் பதில் சொல்லியிருப்பான்.

"அங்கே யாரும் பதில் சொல்லவில்லை" என்றார் மிக்கியோன்.

"இல்லை."

அவர் பாறைப் பக்கம் திரும்பினார்.

"ஒருவன் பாக்கி இருக்கிறான்" என்றார்.

"தெரியும். கூப்பிடுங்கள்" என்றான் லம்பிஸ். இந்தத் தடவை அவன் குரல் அவனுடையதாகவே இருந்தது. கொஞ்சம் மெல்லிய குரல். மிக்கியோன் அதை அதிகம் கேட்டதில்லை. "நான் மேலே போகட்டுமா, இங்கேயே நிற்கட்டுமா?"

மிக்கியோன் தலை நிமிர்ந்து மூச்சை இழுத்தார். பிடித்திருந்த கையை விடவில்லை.